கையசைவுக்கும் பேச்சுக்கும் நடுவே ஒரு கைபேசி: எங்கள் அச்சகத்தில் கற்றுக்கொண்ட வழிமுறைகள்

சென்னை ராயப்பேட்டையில் ஜானி ஜான் கான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் அச்சகம் இருக்கிறது. அப்பா காலத்தில் டிரெடில் என்ற பழைய அச்சு இயந்திரம் ஓடிய இடத்தில் இப்போது ஆஃப்செட் இயந்திரம் ஓடுகிறது. வேலை செய்பவர்கள் ஏழு பேர். அவர்களில் இருவருக்குக் காது கேட்காது. கட்டிங் மெஷினில் நிற்கும் அண்ணனின் சைகைப் பெயர், இடது புருவத்துத் தழும்பை ஒரு விரலால் தொடுவது. பைண்டிங்கில் இருக்கும் பெண்ணின் சைகைப் பெயர், காதருகே ஜிமிக்கி ஆடுவதுபோல் விரலை ஆட்டுவது. காது கேளாதவர்கள் தங்களுக்குள் இப்படித்தான் ஒருவரை ஒருவர் குறிப்பிடுகிறார்கள். புதிதாகப் பழகுபவருக்கும் அவர்களே பெயர் வைப்பார்கள். எனக்கு வைத்த பெயர், மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிடுவது. அவர்கள் இருவரின் சம்மதத்தோடு, இங்கே அவர்களைப் புருவம் அண்ணன் என்றும் ஜிமிக்கி என்றும் எழுதுகிறேன்.

பக்கத்து அச்சகக்காரர்களும் பேப்பர் கடைக்காரரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அவர்கள் கையசைத்தால் போனே பேசிவிடுமாமே, அது எந்த ஆப்?" இந்திய சைகை மொழியை அப்படியே பேச்சாக மாற்றித் தருகிற, கடையில் நம்பி வைத்துக்கொள்ளக்கூடிய ஆப் எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை. ஆனால் எதிர்த்திசை நன்றாக வேலை செய்கிறது. நம் பேச்சு எழுத்தாக மாறி அவர்கள் கண்முன் வந்துவிடும். ஆகவே இயந்திரத்தை முதலில் வேலை வாங்க வேண்டியது பேசுகிற நம் பக்கத்தில்தான். காது கேளாதவர் ஒரு கேமராவுக்கு ஏற்றபடி கையைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்த வழிமுறைகளை அந்த எண்ணத்தோடுதான் எழுதுகிறேன்.

எதையும் நிறுவும் முன் அவர்களிடமே கேளுங்கள். ஜிமிக்கி காது கேளாதோர் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். தமிழைச் சரளமாக வாசிப்பாள். புருவம் அண்ணன் ஒன்பது வயதில்தான் பள்ளியையே பார்த்தார். அவருக்குச் சைகைதான் தாய்மொழி. எழுத்துத் தமிழ் பிறகு வந்து சேர்ந்த மொழி. ஒருநாளும் காதில் விழாத ஒரு மொழியின் வேற்றுமை உருபுகளையும் வினைமுற்றுகளையும் கண்ணால் மட்டுமே கற்பது எத்தனை கடினம் என்று யோசித்துப் பாருங்கள். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. எங்கள் கடையிலேயே இரண்டு ஏற்பாடுகள் உண்டு.

பேச்சை எழுத்தாக்குவது

ஆண்ட்ராய்டு கைபேசியில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற இலவச செயலி இருக்கிறது. கூகுள் 2019-இல் வெளியிட்டது. காது கேளாதோருக்காக வாஷிங்டனில் நடக்கும் காலாடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து உருவாக்கினார்கள். பிளே ஸ்டோரில் கிடைக்கும். முதல் மொழியாகத் தமிழையும் இரண்டாவது மொழியாக ஆங்கிலத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். கையெட்டும் தூரத்தில் நின்று படிக்க முடிய வேண்டும். அமைப்புகளில் நாமே சொற்களைச் சேர்க்கும் வசதி உண்டு. அதில் உங்கள் தொழில் சொற்களைப் போடுங்கள். எங்கள் பட்டியலில் பிளேட், ரீம், லேமினேஷன், நம்பரிங், கிரீசிங், பில் புக் எல்லாம் இருக்கின்றன.

அடுத்தது மைக். ஆஃப்செட் ஓடும்போது கைபேசியில் இருக்கும் மைக்கால் பயனில்லை. மெஷினின் ஓசையைக் கேட்டு அது ஏதேதோ எழுதும். மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் சட்டைக் காலரில் மாட்டும் மைக் மலிவாகக் கிடைக்கிறது. அதை வாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டிக்கொண்டு பேசினால் நிலைமையே மாறிவிடும். கம்பி நீளமாக இருக்கட்டும். கைபேசி அவர் கண்ணுக்கு நேரே ஸ்டாண்டில் நிற்க, மைக் உங்கள் மேல் இருக்க வேண்டும்.

பேசும் முறையும் முக்கியம். சொல் சொல்லாக உடைத்துப் பேசினால் புரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அக்கம்பக்கத்துச் சொற்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் இயந்திரம் ஒரு சொல்லை முடிவு செய்கிறது. ஆகவே முழு வாக்கியமாக, வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல் நிதானமாகச் சொல்லுங்கள். நாம் வீட்டில் பேசும் வேகத்தில் வினைமுற்றுகளின் வால் சுருங்கிப்போகும். தமிழில் பொருள் இருப்பது அந்த வாலில்தான்.

அதை நான் கற்றது போன தை மாதம். முகூர்த்தங்கள் நெருங்கி நின்ற நேரம். திருமண அட்டையின் அளவை மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளர் போன் செய்தார். நான் ஓடிப்போய் கட்டிங் மெஷின் முன்னால் இருந்த கைபேசியிடம், "இந்தக் கட்டை வெட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். திரையில் விழுந்தது: "இந்தக் கட்டை வெட்ட வேண்டும்." புருவம் அண்ணன் படித்தார், தலையசைத்தார், இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் அழுத்தினார். கத்தி இறங்கியது. ஒரே வெட்டில் இருநூறு அட்டைகள் வீணாயின.

தவறு என்னுடையது. திரையைப் படிக்காமல் திரும்பியவள் நான். அன்றிலிருந்து எங்கள் கடையில் இரண்டு விதிகள் உண்டு. பேசியவர் தன் வாக்கியம் திரையில் சரியாக வந்ததா என்று படித்த பிறகுதான் இடத்தைவிட்டு நகர வேண்டும். மறுப்பையும் எண்ணையும் கைபேசியை மட்டும் நம்பிச் சொல்லக் கூடாது. "வேண்டாம்" என்றால் கையாலும் காட்ட வேண்டும், தலையையும் இடவலமாக ஆட்ட வேண்டும். எண் என்றால் வேலைச் சீட்டில் இலக்கத்தில் எழுத வேண்டும். வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான் வேறுபாடு. சத்தத்தில் அது தொலைந்துபோகும்.

புருவம் அண்ணனுக்காக நான் பேசும் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். இந்திய சைகை மொழியில் காலம் முதலில் வரும், செயல் பின்னால் வரும், கேள்விச் சொல்லும் மறுப்பும் கடைசியில் வரும். அது கிட்டத்தட்ட நம் தமிழின் நடை. "உங்கள் பெயர் என்ன" என்பதில் "என்ன" கடைசியில் நிற்பதைப் பாருங்கள். "நாளை காலை. பத்திரிகை 500. மடிக்க வேண்டும்." இப்படிச் சொன்னால் இயந்திரமும் சரியாக எழுதுகிறது, அண்ணனும் ஒரே பார்வையில் படித்துவிடுகிறார். ஆங்கிலம் பேசும் ஊர்களில் இருப்பவர்களுக்கு இல்லாத இந்தச் சலுகை நமக்கு இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சைகையைப் பேச்சாக்குவது: நாங்கள் செய்து பார்த்தது

2016-இல் அமெரிக்காவில் இரண்டு கல்லூரி மாணவர்கள், சைகையைப் பேச்சாக்கும் கையுறைகளைச் செய்து பத்தாயிரம் டாலர் பரிசு வாங்கினார்கள். உலகமே பாராட்டியது. காது கேளாதவர்களும் மொழியியலாளர்களும் அதை ஏற்கவில்லை. அவர்களுடைய காரணம், ஜிமிக்கி பேசுவதை ஒரு நிமிடம் பார்த்தாலே விளங்கும். "சாப்பிட்டாயா" என்று கேட்கும்போது அவள் புருவங்கள் உயர்கின்றன. "சாப்பிட்டாய்" என்று சொல்லும்போது கை அதே கைதான், ஆனால் புருவம் உயர்வதில்லை. "நான் உனக்குக் கொடுத்தேன்" என்பதற்கும் "நீ எனக்குக் கொடுத்தாய்" என்பதற்கும் விரல் அமைப்பு ஒன்று. கை போகும் திசைதான் வேறு. முகத்தையும் உடலையும் பார்க்காத கையுறைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? மேலும் அந்தக் கையுறையைச் சுமக்க வேண்டியவர் காது கேளாதவர், சொகுசு நமக்கு.

இப்போதைய முறை கேமரா. கூகுளின் மீடியாபைப் என்ற இலவச மென்பொருள், படத்தில் முதலில் உள்ளங்கையைக் கண்டுபிடித்து, பிறகு ஒவ்வொரு கையிலும் 21 புள்ளிகளைக் குறிக்கிறது: மணிக்கட்டு, விரல் மூட்டுகள், நுனிகள். முகத்துக்கும் உடலுக்கும் தனிப் புள்ளிகள் உண்டு. இந்தப் புள்ளிகள் நகரும் விதத்தை வைத்து, இது இன்ன சைகை என்று சொல்ல இயந்திரத்தைப் பழக்குகிறார்கள். இந்த ஆராய்ச்சியில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2020-இல் வெளியிட்ட இன்க்ளூட் என்ற காணொளித் தொகுப்பில் 263 சொற்களுக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட காணொளிகள் உள்ளன. அவற்றில் சைகை செய்தவர்கள் அடையாறு செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் பள்ளி மாணவர்கள். ஆராய்ச்சி செய்பவர்கள் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்தச் செய்தியைக் காட்டியபோது ஜிமிக்கி அதை இரண்டு முறை படித்தாள்.

என் அண்ணன் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். மீடியாபைப்பை வைத்துப் பத்துச் சைகைகளுக்கு ஒரு சோதனை செய்து பார்த்தோம். நீங்களும் செய்ய விரும்பினால் எங்கள் அனுபவத்தைக் கேளுங்கள்.

கேமராவை மார்பு உயரத்தில் அசையாமல் வையுங்கள். இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை படத்தில் வர வேண்டும். வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருந்து விழ வேண்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கை நிழலாகிவிடும். ஒவ்வொரு சைகையையும் குறைந்தது மூன்று பேர், ஒவ்வொருவரும் நாற்பது முறையாவது செய்ய வேண்டும். ஒருவரை மட்டும் வைத்துப் பழக்கினால் இயந்திரம் மொழியைக் கற்காது, அவரைத்தான் கற்கும். புருவம் அண்ணன் இடதுகைக்காரர். முதல் வாரம் அவர் செய்த எதுவும் இயந்திரத்துக்குப் புரியவில்லை. படங்களை இடவலமாகத் திருப்பி அவற்றையும் சேர்த்துப் பழக்கிய பிறகுதான் அவரை அடையாளம் கண்டது. இன்னொன்று மிக அவசியம்: "ஒன்றும் இல்லை" என்று தனியாக ஒரு வகை வையுங்கள். மூக்கைச் சொறிவது, வியர்வையைத் துடைப்பது, பேப்பரைத் தூக்குவது எல்லாவற்றையும் அதில் பதிவு செய்யுங்கள். அது இல்லாவிட்டால் இயந்திரம் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சொல்லைக் கத்திக்கொண்டே இருக்கும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் கூகுளின் டீச்சபிள் மெஷின் இணையதளத்தில் இதையே எளிய முறையில் செய்யலாம். ஆனால் அசையாமல் நிற்கும் கை வடிவங்களுக்கு மட்டுமே அது உதவும்.

பத்துச் சைகைகளைத் தனித்தனியாக, நிறுத்தி நிறுத்திச் செய்தால் இயந்திரம் பெரும்பாலும் சரியாகச் சொன்னது. புருவம் அண்ணன் இயல்பாக ஒரு வாக்கியம் பேசியதும் எல்லாம் குழம்பிப்போயிற்று. ஒரு சைகை முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அதற்குத் தெரியவில்லை. ஒரு கை மற்றொன்றை மறைத்தபோது புள்ளிகள் துள்ளின. நம் நாட்டுச் சைகையில் இரு கைகளும் தொட்டுக்கொள்வது மிகுதி. ஆங்கில எழுத்துகளைக் காட்டுவதே இரண்டு கைகளால்தான். அண்ணன் மூன்று முறை பொறுமையாகச் செய்து காட்டினார். நான்காவது முறை கையைக் கீழே போட்டுவிட்டார். என் பக்கம் திரும்பி, "உனக்குப் புரிந்ததா?" என்று கேட்டார். எனக்கு முதல் முறையே புரிந்திருந்தது. "பிறகு இது யாருக்காக?" என்றார்.

அந்தக் கேமராவைக் கழற்றிவிட்டோம். கட்டிங் மெஷின் அருகே ஒரு சுவிட்சும், என் அறையில் ஒரு சிவப்பு பல்பும் போட்டோம். அண்ணனுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் அழுத்துவார். என் மேசையில் ஒரு சுவிட்ச், அவர் கண்ணுக்கு நேரே ஒரு மஞ்சள் பல்பு. எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேர வேலை. உங்கள் கடையில் முதலில் செய்ய வேண்டியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூப்பிட முடிந்தால்தானே மற்ற பேச்செல்லாம்?

கடைக்கு வெளியே

ஆட்டோ, ரேஷன் கடை, மருந்துக்கடை போன்ற சிறிய தேவைகளுக்கு ஜிமிக்கி தட்டச்சு செய்கிறாள். லைவ் டிரான்ஸ்கிரைப்பிலேயே பதில் தட்டச்சு செய்து எதிரில் இருப்பவருக்குக் காட்டலாம். எழுதியதைக் குரலாகக் கேட்கவைக்க வேண்டுமானால் கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழில் அடித்து ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் போதும். அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களைக் கைபேசிக் குறிப்பில் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறாள். முதல் வாக்கியம்: "எனக்குக் காது கேட்காது. என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்."

மருத்துவமனைக்கு இது போதாது. புருவம் அண்ணனுக்கு நெஞ்சில் வலி வந்து ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, டோக்கன் எண்ணை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் முறை கடந்துபோய்விட்டது. உள்ளே மருத்துவர் முகக்கவசம் அணிந்திருந்தார், உதட்டைப் பார்க்கவும் வழியில்லை. இப்போது நாங்கள் செய்வது இது. போனதும் வரவேற்பில் ஒரு சீட்டைக் கொடுத்துவிடுகிறோம்: "இவருக்குக் காது கேட்காது. முறை வந்ததும் கையைத் தட்டாதீர்கள், அருகில் வந்து கையசையுங்கள்." மருத்துவரைப் பார்க்கும் நேரத்துக்குப் பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வாட்ஸ்அப் காணொளி அழைப்பில் முன்பதிவு செய்துகொள்கிறோம். கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். அது அவருடைய தொழில், உதவி என்று இனாமாகக் கேட்காதீர்கள்.

அந்த அழைப்புக்கு இரண்டு கைபேசிகள் வேண்டும். ஒன்று காணொளிக்கு, ஸ்டாண்டில் நிமிர்த்தி, நோயாளியின் இரு கைகளும் தெரியும்படி. மற்றொன்று மருத்துவர் சொல்வதை எழுத்தாகப் பதிய. மருந்தின் பெயர்களை வீட்டுக்கு வந்தபின் சரிபார்க்க அது உதவும், ஆனால் சீட்டில் எழுதியிருப்பதுதான் முடிவு. மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: பேச வேண்டியது நோயாளியோடு. "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்று அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். "அவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்" என்று திரையைப் பார்த்துச் சொல்லக் கூடாது.

வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். பத்து வயதுப் பெண்ணின் வாயால் அவள் அம்மாவின் கருப்பைக் கட்டியைப் பற்றிச் சொல்லவைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது கொடுமை. தயங்காமல் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே சைகை மொழியையும் சேர்த்திருக்கிறது.

நம் கைகளுக்கும் வேலை இருக்கிறது

தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றன. காணொளிகளாக இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தினமும் மூன்று சொல் என்று நான் தொடங்கினேன். ஆனால் அகராதியில் பார்த்ததை அப்படியே கடையில் செய்யாதீர்கள். முதலில் உங்களோடு இருப்பவரிடம் காட்டுங்கள். ஊருக்கு ஊர், பள்ளிக்குப் பள்ளி சைகை மாறும். நான் கற்று வந்த சில சொற்களைப் பார்த்து ஜிமிக்கி, "அது வடக்கே, இங்கே இப்படி" என்று திருத்தினாள்.

அச்சகத்துச் சொற்கள் பல அந்த அகராதியில் கிடைக்கவில்லை. பிளேட், ரீம், கிரீசிங் போன்றவற்றுக்கு இவர்கள் இருவரும் பல வருடங்களாகத் தாங்களே சைகை உண்டாக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்குத்தான் அது தெரியாமல் இருந்தது. இப்போது சனிக்கிழமை மாலை மெஷினை நிறுத்தியதும், ஜிமிக்கி கைபேசியில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்கிறாள். ஒரு சொல்லுக்கு ஒரு காணொளி, ஐந்து விநாடி, கீழே தமிழில் அச்சொல். எந்தச் சைகை சரி, எதைச் சேர்ப்பது என்பதை அவர்கள் இருவர்தான் முடிவு செய்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வரும் பையன் முதல் நாள் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டுத்தான் மெஷின் பக்கம் போக வேண்டும். உங்கள் தையல்கடையிலோ பட்டறையிலோ இதைச் செய்ய ஒரு கைபேசியும் ஒரு வெள்ளைச் சுவரும் போதும்.

இதுவரை அறுபத்து ஐந்து சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அறுபத்து ஐந்தாவதைப் போன சனிக்கிழமை புருவம் அண்ணன் செய்து காட்டினார். வலது முன்கைதான் காகிதக் கட்டு. அதன்மேல் இடது கை கத்திபோல் இறங்கி வந்து, தொடுவதற்கு ஒரு விரற்கடை முன்னால் சட்டென்று நிற்கிறது. தலை இடவலமாக ஆடுகிறது. ஜிமிக்கி கீழே எழுதினாள்: வெட்டாதே.